ரன்வேயில் உடைத்த பூசணிக்காய்

என் தம்பி ரெங்கசாமியைச் செய்வினைக்காரன் என்று சொல்லித்தான் வேலையிலிருந்து நீக்கினார்கள். ரங்கூனில் எங்கள் தாமுவேப் பேட்டையில் இன்றைக்கும் அப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவனுக்கு ஒரு மந்திரமும் தெரியாது. காலில் முள் குத்தினால் "அம்மா" என்பான், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த மந்திரம். நடந்தது என்ன என்று நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என் கை இருக்கிறது. கேட்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

எங்கள் அப்பா ரங்கூன் நகராட்சியில் ரோடு போடுகிற கூட்டத்தில் ரோலர் ஓட்டினவர். அவர் கண் மூடிய பிறகு அதே ரோலரில் ரெங்கசாமி ஏறினான். எண்பத்தெட்டில் ஊர் கலவரப்பட்டபோது வேலையெல்லாம் நின்றுபோனது. ரோலர் ஷெட்டில் துருப்பிடித்தது. மூன்று வருஷம் கிடைத்த கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். அப்புறம்தான் ஒரு கான்ட்ராக்டர் வந்து, "தெற்கே ஒரு தீவில் விமானம் இறங்குற இடத்தைச் சரி பண்ணணும், ரோலர் ஓட்ட ஆள் வேணும்" என்று கூட்டிப்போனார். நாலு மாத வேலை என்றுதான் கப்பல் ஏறினான். அங்கேயே பதினொரு வருஷம் தங்கிவிட்டான்.

அந்தத் தீவின் பெயரைச் சொன்னால் ரங்கூனில் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. மீன் பிடிக்கிற ஜனங்கள், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு பள்ளிக்கூடம், ஒரு சின்னச் சந்தை. மழைக்காலத்தில் கப்பல் போகாது. வாரத்துக்கு ஒருமுறை ரங்கூனிலிருந்து போகும் சின்ன விமானம்தான் மருந்தையும் கடிதத்தையும் கொண்டுபோகும், முடியாத நோயாளியை ஏற்றிக்கொண்டு வரும். விமான நிலையம் என்றால் தகரம் போட்ட ஒரு கொட்டகை, ஒரு வயர்லெஸ் பெட்டி, அரிசி மூட்டை நிறுக்கிற தராசு. அந்தத் தராசில் மூட்டையை நிறுப்பார்கள், மூட்டைக்காரரையும் நிறுப்பார்கள். விமானம் சின்னது அல்லவா, ஆள் கனம் தெரியாமல் ஏற்ற முடியாது.

பொறுப்பாளர் ஊ சான் மியா என்கிற வயதான பர்மியர். ரெங்கசாமியின் கைவேலையைப் பார்த்துவிட்டு, ரோடு வேலை முடிந்ததும், "நீ இங்கேயே இரு" என்று வைத்துக்கொண்டார். தினக்கூலிதான். ரங்கூனில் விமானம் கிளம்பிவிட்டது என்று வயர்லெஸ்ஸில் சொன்னதும் இவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரன்வே முழுக்க ஒரு சுற்றுப் போவான். எருமையை விரட்டுவான், நாயை விரட்டுவான், கூழாங்கல்லைப் பொறுக்குவான், காற்று எந்தப் பக்கம் என்று காட்டுகிற துணிப்பையை ஏற்றுவான். மீன் காயப்போடுகிற ஊர் என்பதால் காக்காய் அதிகம். தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே காக்காய்க்குப் பின்னால் ஓடுவான். பதினொரு வருஷத்தில் அவன் பார்வையில் ஒரு விமானத்துக்கும் கீறல் பட்டதில்லை.

வருஷத்துக்கு இருபது நாள் லீவில் கப்பலில் வருவான். அப்படி ஒரு லீவில்தான் சாந்தகுமாரியைக் கட்டிவைத்தேன். அவள் என்னோடுதான் இருந்தாள். ஊருக்கு வெளியே லைங் தாயாவில் தையல் கம்பெனிக்குப் போவாள், விடியுமுன் கிளம்பினால் இருட்டித்தான் வருவாள். தீவுக்குக் கூட்டிப்போக அவனுக்கு மனமில்லை. மலேரியா என்றான், கொட்டகைக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கத்தான் இடம் என்றான்.

"அடுத்த வருஷம் நிரந்தரமாக்கிடுவாக. நிரந்தரமானா ரங்கூனுக்கே மாத்தல் கேக்கலாம்" என்பான்.

"இதைத்தான் கல்யாணத்தன்னைக்கும் சொன்னீக" என்பாள் அவள். "உங்களுக்கென்ன, வாரம் ஒரு விமானத்தையாவது கண்ணுல பாக்குறீக. எனக்குப் புருஷன் கடுதாசியிலதான் இருக்காக."

நான் சிரிப்பேன். அவள் சிரிக்கமாட்டாள். பிள்ளை இல்லை. எப்படி இருக்கும்?

இரண்டாயிரத்து இரண்டில்தான் அந்த நல்ல செய்தி வந்தது. எங்கள் வீட்டில் கடிதம் படிக்கிறவர் பர்கத்துல்லா பாய். தெருமுனையில் பலசரக்குக் கடை. எனக்கு எழுத்து தெரியாது, சாந்தகுமாரிக்குப் பர்மிய எழுத்துதான் தெரியும், ரெங்கசாமியோ பர்மிய எழுத்தைப் படிப்பானே தவிர எழுதுவது தமிழில்தான். ஆகையால் எங்கள் குடும்பச் சங்கதி எதுவும் பாய்க்குத் தெரியாமல் இருந்ததில்லை.

"அக்கா, இனிப்பு எடுத்து வைங்க" என்று கடிதத்தைப் பிரித்தார். "ரன்வேயை நீளமாக்கிட்டாங்களாம். உங்க தம்பிதான் ரோலர் ஓட்டினாராம். வர்ற மாசம் ரெண்டாம் புதன்கிழமை பெரிய விமானம் இறங்குதாம். அதுல பெரிய அதிகாரி வர்றாராம். அவர் கையாலயே நிரந்தர வேலைக்கான உத்தரவு குடுப்பாராம். ஊ சான் மியா எல்லாம் எழுதி வச்சுட்டாராம்."

சாந்தகுமாரி அன்றைக்கே சந்தைக்குப் போய் அவனுக்கு ஒரு புது லுங்கி வாங்கி வந்தாள். உத்தரவு வாங்கும்போது கட்டிக்கொள்ளட்டும் என்று. அவள் பாட்டுப் பாடி நான் கேட்டது அந்த ஒரு வாரம்தான்.

நான் பாயிடம் கேட்டேன், "பூசணிக்காய் பத்தி என்ன எழுதியிருக்கான்?"

"ஒண்ணும் எழுதலையே."

"நல்லாப் பாருங்க."

"அக்கா, நான் படிக்கிறவன், எழுதுறவன் அவரு."

எங்கள் ரோடு கூட்டத்தில் ஒரு வழக்கம். புது ரோடு போட்டு முடித்தால் வெள்ளைப் பூசணிக்காயின் தலையைச் சீவி, உள்ளே குங்குமத்தையும் சில்லறையையும் போட்டு, மேலே கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, ரோலர் ஓட்டினவன் கையால் ரோட்டுத் தலைமாட்டில் உடைக்க வேண்டும். உடைத்ததை முதல் வண்டி தாண்டுகிற வரைக்கும் கூட்டக் கூடாது. அப்பா போட்ட ரோடு ஒவ்வொன்றிலும் அப்படித்தான் நடந்தது. வெள்ளைக்காரத் துரை காலத்தில் நடந்தது, ஜப்பான்காரன் காலத்தில்கூட நடந்தது என்பார். இந்தப் பயல் தீவுக்குப் போனதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டான் என்று எனக்குக் கோபம்.

பாயை விட்டுக் கடிதம் எழுதச் சொன்னேன். அடுத்த விமானத்தில் பதில் வந்தது.

"அக்கா, இது ரோடு இல்லை, ரன்வே. ஒரு கூழாங்கல் கிடந்தாலே இங்கே குற்றம். நான் கற்பூரம் மட்டும் கொளுத்திக்கிறேன்."

"சக்கரம் ஓடுற இடமெல்லாம் ரோடுதான்னு எழுதுங்க பாய்" என்றேன். "பதினொரு வருஷமா உத்தரவு வராம இழுத்தது எதுனாலன்னு கேளுங்க. முதல் தடவை ரோலர் ஓட்டினப்போ உடைச்சானான்னு கேளுங்க."

பாய் பேனாவைக் கீழே வைத்தார். "அக்கா, அது கவர்மெண்டு இடம். நம்ம தெரு இல்ல. வேண்டாமேன்னு படுது."

"நீங்க எழுதுறவரு, சொல்றவ நான்."

அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிக் கொடுத்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். அவரும் எழுதினார்.

எழுதினதோடு விட்டேனா? இல்லை. தீவில் வெள்ளைப் பூசணி கிடைக்காவிட்டால் அதையே சாக்காகச் சொல்வான் என்று நானே நல்லதாக ஒன்று பொறுக்கி வாங்கினேன். குங்குமம், கற்பூரம், மஞ்சள் எல்லாவற்றையும் மடித்துக் கட்டினேன். தாமுவேயில் வட்ட ரயில் ஏறி, மிங்கலாடோனில் இறங்கி, இடுப்பில் பிள்ளையைச் சுமக்கிற மாதிரி சுமந்துகொண்டு விமான நிலைய வாசலுக்குப் போனேன். தீவுக்குப் போகிறவர்களிடம் சாமான் கொடுத்தனுப்ப எங்களைப் போல அங்கே எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். கருவாடு வியாபாரம் பண்ணுகிற டோ ஓன் சீ என்கிற பர்மியப் பெண்பிள்ளை எனக்குப் பழக்கம்.

"இது என்ன, உன் தம்பிக்கு அங்கே காய்கறி கிடைக்கலையா?" என்றாள்.

"கிடைக்குது. எங்க ஊர்க் காய் மாதிரி இருக்காது."

"இங்கே என்னை நிறுக்கும்போது இதையும் சேர்த்து நிறுப்பாங்க. போன மாசத்தைவிட நான் பெருத்துட்டேன்னு அங்கே சீட்டைப் பார்த்து உன் தம்பி சிரிப்பான்."

"சிரிச்சா நான் சொன்னேன்னு ரெண்டு போடு."

சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போனாள்.

அந்தப் புதன்கிழமை நடந்ததை அவன் வாயால் பிறகு கேட்டதைச் சொல்கிறேன். மனதே இல்லாமல்தான் செய்திருக்கிறான். அக்கா இவ்வளவு தூரம் சுமந்து கொடுத்தனுப்பியிருக்கிறாளே என்று. விடியற்காலையில் யாரும் வருமுன், ரன்வேயின் புது முனையில், நடுவில்கூட இல்லை, ஓரத்தில் புல்லை ஒட்டிச் சுற்றி உடைத்திருக்கிறான். உடைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தவன், "முதல் வண்டி தாண்டாமல் கூட்டாதே" என்று நான் எழுதச் சொன்னதை நினைத்துத் திரும்ப வைத்துவிட்டான். கூழாங்கல் பொறுக்குகிற என் தம்பி பூசணிக்காய்ச் சில்லை அப்படியே விட்டுவிட்டு வந்தான், என் பேச்சைக் கேட்டு.

பூசணி விதைக்குக் காக்காய் வந்தது. ஒன்று, பத்து, ஐம்பது. கொட்டகைப் பக்கம் பந்தலும் மாலையுமாக ஊரே கூடியிருந்ததால் இவனுக்கு வழக்கமான சைக்கிள் சுற்றுக்கும் இந்த முனையைத் திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை. விமானம் தாழ்ந்து வந்தபோது காக்காய்க் கூட்டம் மொத்தமும் எழும்பியது. விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டது. இவன் டப்பாவைத் தட்டிக்கொண்டு ஓடினான். ஓடி முடிக்கு முன் இரண்டாம் சுற்று வந்தது. மறுபடியும் எழும்பியது. மேகம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் சுற்று வரவில்லை. அதிகாரியோடு அப்படியே ரங்கூனுக்குத் திரும்பிவிட்டது.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஒரு கீறல் இல்லை.

ஊ சான் மியா வந்து பார்த்தார். சிதறின பூசணி, ரத்தம் மாதிரி குங்குமம், கரிந்த கற்பூரம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். "கோ ரெங்கா, இதை உடனே கழுவு" என்றாராம், அப்போதும் மரியாதைக்குக் 'கோ' போட்டு. கழுவுமுன் பந்தலில் இருந்த கூட்டம் வந்து பார்த்துவிட்டது.

பர்மியர்களிடம் யதயா என்று ஒரு சடங்கு உண்டு. ஜோசியரைக் கேட்டு, கெட்ட காலம் விலக இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னதைச் செய் என்று செய்வார்கள். பெரிய பெரிய மனிதர்கள் எல்லாம் செய்வார்கள். அதில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு, எதிராளி செய்தால் நமக்குக் கெடுதல் என்ற பயமும் உண்டு. ஒரு கலா, எங்களை அப்படித்தான் சொல்வார்கள், அதிகாரி இறங்குகிற இடத்தில் சிவப்பைக் கொட்டி என்னமோ உடைத்தான், விமானம் இறங்க முடியாமல் போனது என்றால் என்ன நினைப்பார்கள்?

ஊ சான் மியா நல்லவர். அறிக்கையில் பூசணிக்காயை எழுதவே இல்லை. மீன் கழிவு கிடந்தது, காகங்கள் கூடின, காவலாளி கவனிக்கவில்லை என்று எழுதினார். ரங்கூனில் விசாரணைக்கு வரச்சொல்லி உத்தரவு வந்ததும் ரெங்கசாமி கப்பலில் வந்து சேர்ந்தான். முகம் கறுத்துப்போயிருந்தது. சாந்தகுமாரி வாங்கிவைத்த லுங்கியைப் பிரிக்கவில்லை.

"ஊ சான் மியா சொல்லிட்டாருக்கா. காக்காய்னே இருக்கட்டும். ஒரு எச்சரிக்கையோட விட்டுருவாக. நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்."

"ஊருக்குள்ள உன்னைச் செய்வினைக்காரன்ங்கிறானுக. டோ ஓன் சீகூட என்னைப் பாத்து அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா."

"சொல்லிட்டுப் போறாக. வேலை இருக்குல்ல?"

பர்கத்துல்லா பாயும் அதையே சொன்னார். "அக்கா, காக்காய்க்கு யாரும் கேஸ் போடமாட்டாங்க. நீங்க பேசாம இருந்தா அதுவே அவருக்குப் பெரிய உதவி."

சாந்தகுமாரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒண்ணும் போய்ச் சொல்லிறாதீக மதினி. காலைத் தொட்டுக் கேக்குறேன்."

மூன்று பேரும் ஒரே பேச்சு. எனக்கு அது பொறுக்கவில்லை. நல்லதுக்குச் செய்ததைக் கெட்டதுக்குச் செய்தது போல ஒளித்து வைப்பதா? எங்கள் அப்பா ஊரறியச் செய்த காரியம் அது. நாம் மறைத்தால்தானே அது செய்வினை? வாய் திறந்து சொன்னால் மனுஷனுக்குப் புரியாதா? விசாரணை நாளன்று அவனுக்குப் பின்னாலேயே நானும் பஸ் ஏறிப் போய்விட்டேன்.

அவனை விசாரித்து முடித்திருந்தார்கள். காக்காய் என்று சொல்லிவிட்டு வெளியே வராந்தாவில் காகிதத்துக்காகக் காத்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

"அக்கா, வேண்டாம். முடிஞ்சிருச்சு. வீட்டுக்குப் போ."

"நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கேட்கிறவர், ஒருவர் எழுதுகிறவர். முதலில் என் அடையாள அட்டையைக் கேட்டார்கள். என்னிடம் இருந்தது வெளிநாட்டார் அட்டை. பிறந்தது தாமுவேயில், அட்டையோ வெளிநாட்டாருடையது. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன விஷயம், அம்மா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நானும் எனக்குத் தெரிந்த பர்மிய மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். ரோடு கூட்டம், அப்பா, பூசணிக்காய், குங்குமம். அனுப்பினது நான், என் தம்பிக்கு அதில் விருப்பமே இல்லை என்றும் சொன்னேன்.

"எதற்காக உடைப்பீர்கள்?"

"கெட்டது விலக. கண் படாமல் இருக்க."

"யாருடைய கண்?"

"வருகிறவர்கள், போகிறவர்கள். பொறாமைப்பட்டுப் பார்க்கிறவர்கள்."

"அன்றைக்கு அந்த விமானத்தில் வருவதாக இருந்தவர் யார்?"

"பெரிய அதிகாரி."

"உடைத்தது அவர் வருமுன்பா, வந்த பிறகா?"

"முன்பு. முன்பே செய்தால்தான் பலிக்கும்."

எழுதுகிறவர் எழுதிக்கொண்டே இருந்தார். கேட்கிறவர் தலையை ஆட்டினார். நான் சொன்னதைப் புரிந்துகொண்டு ஆட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். புரிந்துதான் ஆட்டினார். அவருக்குப் புரிந்தது வேறு. எழுதினதை ஒரு தடவை வாசித்துக் காட்டினார்கள். எழுத்துப் பர்மிய மொழி நான் பேசுகிறது போல இருக்காது, பாதி விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மை டப்பாவை நீட்டினார்கள். பெருவிரலை அழுத்தி வைத்தேன்.

வெளியே வந்தேன். "சொல்லிட்டேன்டா, எல்லாத்தையும்" என்றேன், ஏதோ ஜெயித்துவிட்டு வந்தவள் போல.

"எல்லாத்தையுமா?"

"பூசணிக்காய் அனுப்பினது நான்தான்னு. உன் மேல தப்பில்லைன்னு. நல்லாக் கேட்டுக்கிட்டாங்க."

அவன் வராந்தாப் படியில் உட்கார்ந்தான். "நான் காக்காய்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்க்கா" என்றான். படியில் கிடந்த கல்லைப் பொறுக்கி ஓரத்தில் போட்டுவிட்டு, "ஊ சான் மியாவும்" என்றான்.

பன்னிரண்டு நாளில் பாய் கடை விலாசத்துக்கு உத்தரவு வந்தது. பர்கத்துல்லா பாய் முதலில் தனக்குள் படித்தார். பிறகு கடைப் பலகையில் வைத்துவிட்டு, "சத்தமாப் படிக்கணுமா?" என்று ரெங்கசாமியைக் கேட்டார்.

"படிங்க பாய்."

வருகை தரும் அதிகாரியிடமிருந்து தனக்குக் கெடுதல் வராதிருக்க, அவர் வருமுன் ஓடுபாதையில் சடங்கு செய்ததாக அவனுடைய சொந்தத் தமக்கையே வாக்குமூலம் கொடுத்து விரலடையாளம் வைத்திருக்கிறார். பொய் அறிக்கை தந்ததற்காகப் பொறுப்பாளர் முன்கூட்டியே ஓய்வில் அனுப்பப்படுகிறார். ரெங்கசாமி இனி எந்த விமான நிலையத்திலும் எந்த வேலைக்கும் எடுத்துக்கொள்ளப்பட மாட்டார். அவ்வளவுதான் அதில் இருந்தது.

அடுத்த மாதம் அந்தப் பெரிய விமானம் இறங்கியது. கேள்விப்பட்டேன். பிக்குகள் வந்து ஓதி, ரன்வே முழுக்கத் தண்ணீர் தெளித்தார்களாம். அதை ஒருவரும் செய்வினை என்று சொல்லவில்லை. ரெங்கசாமிக்கென்று எழுதி வைத்திருந்த நிரந்தர உத்தரவில் வேறு ஒருவன் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டார்களாம்.

ரெங்கசாமி தாமுவேயிலேயே தங்கிவிட்டான். சாந்தகுமாரி கேட்டது இதுதானே, புருஷன் ரங்கூனில் இருக்க வேண்டும் என்று? இருந்தான். லைங் தாயாவில் கம்பெனி பஸ் போகிற ரோடுகளில் குழி அடைக்கிற கூலி வேலை. ரோலரில் யாரும் ஏற்றவில்லை. ரோடு வேலைக் கூட்டத்திலும் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. தெருவில் நடக்கும்போது குனிந்து குனிந்து கல்லைப் பொறுக்கி ஓரத்தில் போடுவான். பிள்ளைகள் சிரிக்கும். ஏழு வருஷம் அப்படி இருந்தான். இரண்டாயிரத்து ஒன்பது மழையில் காய்ச்சல் கண்டது, ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தான், போய்விட்டான்.

பூசணிக்காய் உடைத்தது தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். கூட்டாமல் விடச்சொன்னதுதான் தப்பு. அந்த ஆபீசுக்குப் போனது தப்பு. அன்றைக்கு அவன் "வீட்டுக்குப் போ" என்றபோது நான் திரும்பியிருக்க வேண்டும்.

அவன் ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. ஏழு வருஷம் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டான், "ஏன்க்கா போனே?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், என் பக்கத்து நியாயத்தை எல்லாம் எடுத்துச் சொல்லியிருப்பேன். அதற்கும் அவன் இடம் கொடுக்கவில்லை.

சாந்தகுமாரி ஒரே ஒரு தடவை கேட்டாள். அவனை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு, வீடு கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

"கைநாட்டு வச்சீகளே, அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மதினி. வெளியிலதான உங்க தம்பி உக்காந்திருந்தாக. பர்மிய எழுத்து அவுகளுக்கு நல்லாத் தெரியுமே."

அவள் எழுந்துபோய் உலை வைத்தாள்.